சாலை வரியும் சாலையைத் தேய்ப்போரும்

சங்க அங்கத்தினர்களுக்கு இம்மாதப் பாடமாக மோட்டார் வாகன வரியை எடுத்துக்கொள்கிறோம். தறியில் அமர்ந்திருப்பவருக்கும் கொல்லையில் களை பறிப்பவருக்கும் மோட்டார் வரியோடு என்ன சம்பந்தம் என்று சிலர் வினவக்கூடும். இலையூரிலும் வாரியங்காவலிலும் நெய்து இறக்கும் சேலையும், பெரம்பலூர் வட்டாரத்தில் விளையும் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் தாமாகச் சந்தைக்கு நடந்து செல்வதில்லை. லாரிக்காரர் கட்டும் வரி வாடகையில் ஏறி நம் தலையிலேயே இறங்குகிறது. சாலை குண்டும் குழியுமாய்ப் போனால் அதன் நஷ்டமும் அவ்வாறே வந்து சேர்கிறது. அன்றியும், இன்று மோட்டார் சைக்கிள் இல்லாத அங்கத்தினர் வீடு அரிது. ஆகவே இந்த வரி எப்படி விதிக்கப்படுகிறது, எவர் மிகுதியாகக் கொடுக்கிறார், எவர் கொடுக்காமல் தப்புகிறார் என்பவற்றை அறிந்திருப்பது நமக்கு அவசியமாகும்.

முதலில் இதன் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். சென்னை ராஜதானியில் ஜில்லா போர்டுகளும் நகரசபைகளும் சாலைகளில் சுங்கச் சாவடி போட்டு வண்டிகளிடம் காசு தண்டி வந்த காலம் ஒன்று உண்டு. ஒரே பயணத்தில் பல சாவடிகளில் நின்று பணம் கட்ட வேண்டியிருந்தது. 1931ஆம் ஆண்டில் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்தது. ஸ்தல ஸ்தாபனங்கள் வசூலித்த சுங்கத்தை விலக்கிவிட்டு, மோட்டார் வண்டிகளிடம் மாகாண அரசாங்கமே ஒரே வரியாக வாங்கி, ஸ்தல ஸ்தாபனங்களுக்கு நஷ்டஈடு கொடுப்பது என்பது அச்சட்டத்தின் ஏற்பாடு. சாவடி போய் வரி வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் இன்று வரியும் இருக்கிறது, சாவடியும் திரும்பி வந்திருக்கிறது. சென்னையிலிருந்து திருச்சி செல்லும் பெருஞ்சாலையில் திருமாந்துறையைக் கடந்து போகிறவர் இதை நன்கு அறிவர்.

சுதந்திரத்திற்குப் பின் வந்த அரசியல் சட்டம், வாகனங்கள் மீது வரி போடும் அதிகாரத்தை மாநிலப் பட்டியலின் 57ஆம் இனத்தில் மாநிலங்களுக்கு அளித்தது. எந்தக் கொள்கையின்படி அவ்வரி அமைய வேண்டும் என்பதை மத்திய அரசும் வகுக்கலாம் என்று பொதுப் பட்டியலின் 35ஆம் இனம் கூறுகிறது. இப்போது நம் மாநிலத்தில் வழங்குவது 1974ஆம் ஆண்டின் தமிழ்நாடு மோட்டார் வாகன வரிச் சட்டம், அதற்குப் பின்வந்த பல திருத்தங்களுடன்.

இனி, இவ்வரி எதற்காக வாங்கப்படுகிறது என்னும் கேள்விக்கு வருவோம். சாலையைப் பயன்படுத்துவதற்குக் கொடுக்கும் கூலியா, அல்லது சொத்து வைத்திருப்பவரிடம் அரசாங்கம் வாங்கும் பொது வரியா? இது வெறும் வார்த்தைத் தகராறன்று. கூலி என்றால், அந்தப் பணம் சாலைக்கே செலவாயிற்றா என்று கேட்க நமக்குப் பாத்தியதை உண்டு. பொது வரி என்றால் அப்படிக் கேட்க இயலாது.

இது பற்றிச் சுப்ரீம் கோர்ட்டு மூன்று முறை பெரிய தீர்ப்பு வழங்கியிருக்கிறது. 1960ஆம் ஆண்டில் அஸ்ஸாம் தேயிலைக் கம்பெனிகள் தொடுத்த அடியாபாரி வழக்கில், சாலையிலும் நதியிலும் செல்லும் தேயிலை மீது அம்மாநிலம் போட்ட வரி வியாபாரச் சுதந்திரத்தைத் தடுக்கிறது என்று கோர்ட்டு ரத்து செய்தது. இரண்டே ஆண்டுகளில், 1962இல், ராஜஸ்தான் மோட்டார் போக்குவரத்துக்காரர்களின் வழக்கு ஏழு நீதிபதிகள் முன் வந்தது. வண்டிக்காரருக்குச் சாலை வசதி செய்து கொடுத்து அதற்கு ஈடாக வாங்கும் வரி வியாபாரத்திற்குத் தடையாகாது, துணையே ஆகும் என்று பெரும்பான்மையோர் கூறினர். இதற்கு ஈட்டு வரிக் கொள்கை என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். ஐம்பத்து நான்கு ஆண்டுகள் இக்கொள்கை நிலைத்திருந்தது. 2016 நவம்பர் 11ஆம் தேதி, ஜிந்தால் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட பெஞ்சு, ஈட்டு வரி என்னும் கொள்கைக்குச் சட்ட ஆதாரம் இல்லை என்று பெரும்பான்மையாக முடிவு செய்து அதைத் தள்ளிவிட்டது. வெளி மாநிலச் சரக்குக்கும் உள் மாநிலச் சரக்குக்கும் இடையே பாரபட்சம் காட்டும் வரிதான் ஆகாது. மற்றபடி வரி விதிப்பது சட்டசபையின் உரிமை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இதன் பலன் யாதெனில், வரிப் பணம் சாலைக்குப் போகவில்லை என்று கோர்ட்டுக்குச் சென்று வழக்காடும் வாசல் பெரும்பாலும் அடைபட்டது. வாகன வரி மாநிலத்தின் தொகுப்பு நிதியில் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கும் போகலாம், ஆஸ்பத்திரிக்கும் போகலாம், சாலைக்கும் போகலாம். இது நம் நாட்டில் மட்டும் நேர்ந்ததன்று. இங்கிலாந்தில் 1920இல் மோட்டார் வரிக்கென்று தனிச் சாலை நிதி ஏற்படுத்தினார்கள். 1926இல் அந்நாட்டு நிதி மந்திரியாயிருந்த வின்ஸ்டன் சர்ச்சில் அந்த நிதியில் கைவைத்துப் பொதுச் செலவுக்கு எடுத்துக்கொண்டார். ஒரு காரியத்துக்கென்று சேர்த்த பணத்தை வேறு காரியத்துக்கு எடுக்கலாகாது என்பது நம் சங்கத் தணிக்கையில் பால பாடம். பெரிய ராஜாங்கங்களில் அது அவ்வளவு கண்டிப்பாக இருப்பதில்லை.

இப்போது வரியின் அளவுக்கு வருவோம். சொந்த உபயோகத்துக்கான மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் வாங்கும்போதே ஆயுட்கால வரியாக ஒரே தடவையில் கட்டிவிட வேண்டும். 2023 நவம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, ஒரு லட்சம் ரூபாய் வரை விலையுள்ள இரு சக்கர வண்டிக்கு விலையில் 10 சதவிகிதம், அதற்கு மேற்பட்டால் 12 சதவிகிதம். அதற்கு முன் எல்லாவற்றிற்கும் 8 சதவிகிதமாயிருந்தது. கார்களுக்கு 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவிகிதம் என்று நான்கு படிகள் வைத்தார்கள்.

விலை உயர்ந்த வண்டிக்கு விகிதமும் உயர்கிறது. வசதியுள்ளவர் அதிகம் கொடுக்கட்டும் என்பது நல்ல எண்ணமே. 25 லட்ச ரூபாய்க் கார் வாங்குகிறவர் 5 லட்சம் வரி கொடுக்கிறார். 70,000 ரூபாய் வண்டி வாங்கும் நெசவாளி 7,000 கொடுக்கிறார். ஆயினும் இந்தப் படிகளின் அமைப்பில் ஒரு கோணல் இருக்கிறது. வருமான வரியில் படி தாண்டினால் தாண்டிய பாகத்துக்கு மட்டுமே கூடுதல் விகிதம். இங்கே முழு விலைக்கும் கூடுதல் விகிதம் விழுகிறது. 99,000 ரூபாய் வண்டிக்கு வரி 9,900. 1,01,000 ரூபாய் வண்டிக்கு 12,120. விலையில் 2,000 ரூபாய் ஏறினால் வரியில் 2,220 ஏறுகிறது! காரில் இன்னும் மோசம். 9,90,000 ரூபாய்க்கு 1,28,700. 10,10,000 ரூபாய்க்கு 1,81,800. விலை வித்தியாசம் 20,000, வரி வித்தியாசம் 53,100. படி ஏறுவதற்குப் பதில் சுவர் ஏற வேண்டியிருக்கிறது. சட்டம் எழுதுவோர் சிறிது கணக்குப் போட்டிருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம்.

மேலும், ஆயுட்கால வரிக்கு வண்டி எத்தனை மைல் ஓடிற்று என்பது தெரியாது. வாரம் ஒரு தடவை சங்கத்துக்குச் சேலையைச் சேர்ப்பிக்க வண்டியை எடுக்கும் அங்கத்தினரும், நாள் முழுவதும் நகரில் சாமான் கொண்டு கொடுக்கும் இளைஞரும் ஒரே வரியே செலுத்துகின்றனர். ஓட்டத்தை அளப்பது பெட்ரோல், டீசல் வரிதான். நம் நாட்டில் 1927இல் நியமிக்கப்பட்ட ஜயகர் கமிட்டி இந்த நியாயத்தைக் கண்டு கூறியது. அதன் சிபாரிசின்பேரில் 1929 முதல் காலன் பெட்ரோலுக்கு இரண்டு அணா கூடுதல் தீர்வை போட்டு மத்திய சாலை நிதி உண்டாக்கப்பட்டது. இப்போது மின்சார வண்டிகள் பெருகுகின்றன. அவை பெட்ரோல் வரியும் செலுத்துவதில்லை, நம் மாநிலத்தில் 2023ஆம் ஆண்டின் மின்வாகனக் கொள்கை அவற்றுக்கு 2025 இறுதிவரை வாகன வரியிலும் முழு விலக்கு அளித்தது. புகையைக் குறைக்க இது தேவையே. ஆனால் அந்த வண்டிகளும் சாலை மேல்தான் ஓடுகின்றன என்பதை நெடுநாள் மறந்திருக்க முடியாது.

இனி இப்பாடத்தின் நடுநாயகமான விஷயத்துக்கு வருகிறோம். சாலையைத் தேய்ப்பவர் யார்?

1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்து ஒட்டாவா என்னும் ஊருக்கு அருகில் ஒரு பெரிய சோதனை நடந்தது. புதிதாகச் சாலைகள் போட்டு, பல எடையுள்ள லாரிகளை இரவு பகலாக அவற்றின்மேல் ஓட்டி, எந்த எடைக்கு எவ்வளவு சேதம் என்று அளந்தார்கள். கிடைத்த முடிவு சாமானிய புத்திக்கு வியப்பளிப்பது. ஓர் அச்சின்மேல் ஏறும் பாரம் இரண்டு மடங்கானால் சேதம் இரண்டு மடங்காவதில்லை. ஏறக்குறைய பதினாறு மடங்காகிறது. அதாவது பாரத்தின் விகிதத்தை நான்கு தரம் தன்னால் பெருக்க வேண்டும்: 2 பெருக்கல் 2 பெருக்கல் 2 பெருக்கல் 2. உலகெங்கும் சாலை எஞ்சினியர்கள் இக்கணக்கை அடிப்படையாக வைத்தே சாலையின் கனத்தை நிர்ணயிக்கிறார்கள். நம் நாட்டில் 8.16 டன் அச்சைப் பிரமாண அச்சாக வைத்து, ஒரு சாலை தன் வாழ்நாளில் எத்தனை பிரமாண அச்சுகளைத் தாங்கும் என்று கணக்கிடுகிறார்கள்.

அங்கத்தினர்கள் ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு இதைப் போட்டுப் பார்க்கலாம். சிறிய காரின் ஓர் அச்சில் சுமார் 0.6 டன் பாரம். நான்கு டயர் கொண்ட லாரிப் பின்னச்சுக்கு 2018க்கு முன் அனுமதித்த பாரம் 10.2 டன். இது காரச்சைப் போல் 17 மடங்கு. பதினேழை நான்கு தரம் பெருக்கினால் 83,521. ஆக, சட்டப்படி பாரம் ஏற்றிய ஒரு லாரியின் ஓர் அச்சு ஒரு தடவை உருண்டால், சிறிய காரின் அச்சு எண்பதாயிரம் தடவைக்கு மேல் உருண்டதற்குச் சமமான தேய்மானம் உண்டாகிறது. நெசவாளியின் மோட்டார் சைக்கிளை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டியதில்லை. அது சாலையைத் தேய்ப்பதாகச் சொல்வது, எறும்பு ஊரக் கல் தேயும் என்பது போலத்தான். அவ்வெறும்புக்குப் பழமொழியில் இடமுண்டு, எஞ்சினியர் கணக்கில் இல்லை.

2018 ஜூலையில் மத்திய அரசு இந்த 10.2 டன் வரம்பை 11.5 டன்னாக உயர்த்தியது. பாரம் எட்டில் ஒரு பங்கு அளவுதான் கூடிற்று. ஆனால் மேற்சொன்ன கணக்கின்படி சேதம் ஏறக்குறைய 60 சதவிகிதம் கூடுகிறது. பிரமாண அச்சுடன் ஒப்பிட்டால் 11.5 டன் அச்சு ஒன்று சுமார் 4 பிரமாண அச்சுக்குச் சமம். அதையே எவரேனும் 15 டன்னாக ஏற்றினால் 11க்கு மேல் ஆகிவிடும். அதிகப் பாரம் என்பது சிறு குற்றம் அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. பத்து ஆண்டு இருக்க வேண்டிய சாலை மூன்று நான்கு ஆண்டில் பல்லிளிப்பது இப்படித்தான். (முன்னொரு காலத்தில் இரும்புப் பட்டை போட்ட மாட்டுவண்டிச் சக்கரம் சாலையை அறுக்கிறதென்று எஞ்சினியர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். அந்த வண்டிகள் இன்று போய்விட்டன, குழிகள் போகவில்லை.)

இக்கணக்கை நம் இரு மாவட்டங்களின்மீது வைத்துப் பார்ப்போம். அரியலூர் மண்ணின் அடியில் பண்டைக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. அதை நாடிச் சிமெண்டு ஆலைகள் வந்தன. அண்டையிலுள்ள கல்லக்குடியில் 1939லேயே ஆலை ஏற்பட்டது. அரியலூரில் அரசாங்கத்தின் ஆலை 1979இல் தொடங்கிற்று. ரெட்டிபாளையம், கோவிந்தபுரம், கீழப்பழுவூர், தளவாய் முதலிய இடங்களிலும் ஆலைகள் எழுந்தன. வேலையும் வியாபாரமும் வந்ததை மறுப்பதற்கில்லை. சுரங்கத்திலிருந்து ஆலைக்குக் கல்லும், ஆலையிலிருந்து ஊர்களுக்குச் சிமெண்டும் லாரிகளில் ஓயாமல் செல்கின்றன. பெரம்பலூரிலிருந்து அரியலூர் வழியே தஞ்சாவூர் போகும் சாலையும், திருச்சியிலிருந்து ஜெயங்கொண்டம் வழியே சிதம்பரம் போகும் சாலையும் தேசியச் சாலைகளாதலால் ஓரளவு தாங்கும். இடையிலுள்ள மாவட்டச் சாலைகளும் பஞ்சாயத்துச் சாலைகளும் நெல் வண்டிக்கும் பஸ்ஸுக்கும் போட்டவை. அவற்றின்மேல் கல் லாரி ஓடினால் என்ன ஆகும் என்பதைக் கணக்கே சொல்லும். மழைக்காலத்தில் குழியில் இறங்கும் மினி லாரியில் வெங்காய மூட்டை நசுங்குகிறது. பள்ளிக்குச் சைக்கிளில் போகும் பிள்ளைகளின் உயிருக்கும் இடுக்கண் நேர்கிறது. அரியலூர்ப் பக்கத்து மக்கள் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு எதிராகப் பலமுறை சாலையில் அமர்ந்து மறியல் செய்ததும் இக்காரணத்தாலேயே.

லாரிக்காரர் வரி கொடுக்காமலா ஓட்டுகிறார் என்று கேட்கலாம். கொடுக்கிறார், சரக்கு வண்டிக்குக் காலாண்டுதோறும் வரி உண்டு. ஆனால் அது பதிவுச் சீட்டில் எழுதியுள்ள மொத்த எடையை ஒட்டி நிர்ணயிக்கப்படுவது. அந்த மூன்று மாதத்தில் 600 டன் ஏற்றினாலும் 900 டன் ஏற்றினாலும் வரி ஒன்றே. எனவே எவர் சட்டத்துக்கு அடங்கி ஏற்றுகிறாரோ அவருக்கு டன்னுக்கு விழும் வரி அதிகம். எவர் மீறி ஏற்றுகிறாரோ அவருக்குக் குறைவு. யோக்கியமாக நடப்பவருக்கு அபராதம், மீறுகிறவருக்குச் சலுகை என்று இதன் பெயர். வாடகைப் போட்டியில் யோக்கியர் நிற்க முடியாமல் அவரும் மீறத் தொடங்குகிறார். ஒரு லாரி வைத்துத் தானே ஓட்டும் சிறு முதலாளியைக் குறை சொல்லி இதைத் தீர்க்க முடியாது. அவர் தவணைக் கடனில் வண்டி வாங்கியவர்.

சுங்கச் சாவடியிலும் இதே கதைதான். 2008ஆம் ஆண்டின் தேசியச் சாலைக் கட்டண விதிகளில், அடிப்படை விகிதமாகக் கிலோமீட்டருக்குக் காருக்கு 65 காசு, பஸ்ஸுக்கும் லாரிக்கும் 2 ரூபாய் 20 காசு, நான்கு முதல் ஆறு அச்சு வண்டிக்கு 3 ரூபாய் 45 காசு என்று வைத்தார்கள். லாரி காரைப் போல் மூன்றரை மடங்குக்கும் குறைவாகக் கொடுக்கிறது; சாலையைத் தேய்ப்பதோ பல்லாயிரம் மடங்கு.

அப்படியானால் லாரியிடம் பல்லாயிரம் மடங்கு வாங்கிவிடலாமா? கூடாது. நியாயம் பேசுகிறவர் மறுபக்கமும் பார்க்க வேண்டும். சாலைச் செலவு முழுவதும் தேய்மானத்தால் வருவதன்று. நிலத்துக்கு விலை, பாலம், வடிகால், விளக்கு, அகலம் ஆகியவை எடையைப் பொறுத்தவை அல்ல; இடத்தைப் பொறுத்தவை. கார்கள் பெருகியதாலேயே நான்கு வழிச் சாலை தேவைப்பட்டது. மேலும் லாரி டீசல் வரியாகவும் பெருந்தொகை செலுத்துகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, லாரி மேல் ஏறும் ஒவ்வொரு காசும் வெங்காயத்தின்மேலும் நூலின்மேலும் ஏறும். ஆகவே நாம் கேட்பது லாரி வரியை உயர்த்துவது அன்று. எடைக்கும் தூரத்துக்கும் ஏற்ற வரி, அதுவும் அச்சு கூடினால் குறையும் வரி. ஒரே பாரத்தை இரண்டு அச்சில் சுமப்பதைவிட மூன்று அச்சில் சுமந்தால் சாலைக்குச் சேதம் வெகுவாகக் குறையும் என்பதை மேற்கண்ட கணக்கே காட்டும். நியூசிலாந்தில் 1978 முதல் இவ்வாறு எடையும் தூரமும் பார்த்துக் கனரக வண்டிகளிடம் கட்டணம் வாங்குகிறார்கள். ஸ்விட்சர்லாந்தில் 2001லும் ஜெர்மனியில் 2005லும் இத்தகைய முறை வந்தது. அங்கெல்லாம் முடிந்தது இங்கே முடியாதென்று சொல்வதற்கில்லை.

அடுத்து அமலாக்கம். சட்டத்தில் குறைவில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்துக்கு 2019இல் செய்த திருத்தப்படி, அதிகப் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதலாகவுள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் பாரத்தை இறக்கும் செலவும் அவரையே சேரும். முன்பு இது 2,000 ரூபாயும் டன்னுக்கு 1,000 ரூபாயுமாக இருந்தது. சில மாநிலங்கள் ஒரு காலத்தில் முன்பணம் வாங்கிக்கொண்டு அதிகப் பாரத்தை அனுமதிக்கும் சீட்டே வழங்கின. 2005 நவம்பரில் பரம்ஜித் பாசின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அதைக் கண்டித்து, அபராதம் கட்டிவிட்டு அதே பாரத்துடன் பயணத்தைத் தொடர முடியாது, அதிகப்படியை இறக்கியே தீர வேண்டும் என்று உத்தரவிட்டது. இறக்காமல் அபராதம் மட்டும் வாங்குவது குற்றத்துக்கு வாடகை வாங்குவதற்குச் சமம்.

எனினும் பரிசோதனை எங்கே நடக்கிறது? நெடுஞ்சாலைச் சாவடிகளில் ஓடும் வண்டியின் எடையை அளக்கும் இயந்திரம் பொருத்தலாம். 2021 பிப்ரவரி முதல் அங்கே பணம் கட்டுவதும் ஒட்டுச்சீட்டின் மூலம் தானாகவே நடைபெறுகிறது. ஆனால் கல் லாரி சாவடியுள்ள சாலைக்கு வருவதே இல்லையே! சுரங்கத்திலிருந்து ஆலைக்கு உள்சாலையில் சில மைல்கள்தான் ஓடுகிறது. அங்கே நிற்கும் அதிகாரி மொபெட்டையும் டிராக்டரையும் நிறுத்துவது எளிது. இருபது டன் லாரியை நிறுத்தினால் எடை போட எடைமேடைக்குக் கொண்டுபோக வேண்டும், பாரத்தை இறக்க இடம் வேண்டும், ஆள் வேண்டும். ஆகையால் எளியது நடக்கிறது, அரியது விடப்படுகிறது. இதில் தனி மனிதரின் குணத்தைவிட ஏற்பாட்டின் குறையே பெரிது என்று கருதுகிறோம்.

இதற்கு மருந்து வெகு அருகிலேயே இருக்கிறது. சுண்ணாம்புக்கல் எடை போடாமல் ஆலைக்குள் போவதே கிடையாது. லாரி வாடகை டன் கணக்கு. அரசாங்கத்துக்குச் செலுத்தும் உரிமைத் தொகை டன் கணக்கு. 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கனிம நில வரியில் சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் என்பதும் டன் கணக்கே. கனிமம் ஏற்றிய ஒவ்வொரு வண்டியும் நடைச்சீட்டு வைத்திருக்க வேண்டும். ஆக, எந்த வண்டி எந்தத் தேதியில் எத்தனை டன் ஏற்றிற்று என்பது ஏற்கனவே எழுத்தில் இருக்கிறது. வண்டியின் அனுமதித்த எடையும் போக்குவரத்து இலாகாவின் கணினிப் பதிவில் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் சாலையில் நின்று கை காட்ட வேண்டிய அவசியமே இல்லை. கல்லை எடை போட்டு வரி வாங்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, அதே எடையைச் சாலைக்காகவும் பார்ப்பது பாரமாகாது.

சுரங்கத்துக்குள்ளேயே ஓடும் வண்டிகளுக்கு வரி உண்டா என்பது வேறு ஒரு பிரச்சினை. 2025 ஆகஸ்டு 29ஆம் தேதி, விசாகப்பட்டினம் உருக்காலை வளாகத்துக்குள் மட்டும் ஓடிய 36 வண்டிகள் சம்பந்தமான வழக்கில், பொது இடத்தைப் பயன்படுத்தாத வண்டிக்கு ஆந்திரச் சட்டப்படி வரி இல்லை என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. சாலையை உபயோகிக்காதவர் கொடுக்க வேண்டாம் என்பது நியாயமே. அதன் மறுபக்கமாக, சாலையை மிகுதியாக உபயோகிப்பவர் மிகுதியாகக் கொடுக்க வேண்டும் என்பதும் நியாயமாக வேண்டும்.

வரி ஏய்ப்பில் இன்னொரு வகை, வரி குறைந்த வேற்றுப் பிரதேசத்தில் பதிவு செய்துகொண்டு இங்கே ஓட்டுவது. புதுச்சேரிப் பதிவுடன் விலை உயர்ந்த கார்களும், நாகாலாந்துப் பதிவுடன் ஆம்னி பஸ்களும் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடுவது எல்லோரும் அறிந்ததே. 2024இல் போக்குவரத்து இலாகா வெளி மாநிலப் பதிவு பஸ்களின்மேல் நடவடிக்கை எடுத்தது. வசிக்கும் இடத்திலோ தொழில் நடத்தும் இடத்திலோதான் பதிவு செய்ய வேண்டும், வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் பதிவை மாற்ற வேண்டும் என்பது சட்டம். பெரிய கார்க்காரர் இவ்விதம் சில லட்சங்களை மிச்சப்படுத்துகிறார். பெரம்பலூரில் மொபெட் வாங்கும் கூலிக்காரருக்கு இந்த வித்தை தெரியாது, தெரிந்தாலும் பயன்படாது.

நம் சங்கங்கள் கவனிக்க வேண்டிய சிலவற்றையும் இங்கே கூறிவிடுகிறோம். பழைய வண்டி வாங்கும் சங்கம், விலை பேசுவதற்கு முன் அதன் வரி நிலுவையையும் தகுதிச் சான்றையும் போக்குவரத்து இலாகாவின் இணையப் பதிவில் பார்த்துக்கொள்ள வேண்டும். நிலுவை இருந்தால் பெயர் மாற்றம் தடைப்படும். வண்டியை ஓட்டாமல் நிறுத்தி வைப்பதானால் முன்கூட்டியே எழுத்து மூலம் இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். பின்னர் சொன்னால் ஏற்பதரிது. விவசாய வேலைக்கென்று பதிவான டிராக்டர் டிரெய்லரில் பிறர் செங்கல்லோ மணலோ வாடகைக்கு ஏற்றினால் விவசாயி என்ற சலுகையைக் கோர முடியாது.

மிக முக்கியமானது, நாமே அதிகப் பாரம் ஏற்றச் சொல்லாதிருப்பது. சட்டத்தின் 194ஆம் பிரிவு, ஓட்டுகிறவரை மட்டும் சொல்லவில்லை. ஓட்டும்படி செய்கிறவரையும் சொல்கிறது. மக்காச்சோளம் அனுப்பும் சங்கம் ஒரு நடை வாடகையை மிச்சம் பிடிக்க 18.5 டன் மொத்த எடை அனுமதித்த வண்டியை 21.5 டன் ஆக்கிவிட்டால், 3 டன்னுக்கு 6,000 சேர்த்து அபராதம் 26,000 ரூபாய். மிச்சம் பிடித்த வாடகை அதில் எந்த மூலைக்கு? கல் லாரியைக் குறை கூறும் வாய், சோள லாரிக்கும் அதே அளவுகோலை வைக்க வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் எடைச்சீட்டின் நகலைச் சங்கத்தில் கோத்து வைப்பது நல்லது.

சாலைக்குப் பணம் எங்கே என்று கேட்கும் இடமும் உண்டு. 2015இல் கனிமச் சட்டத்தில் செய்த திருத்தத்தால் சுரங்கமுள்ள ஒவ்வொரு மாவட்டத்திலும் கனிம அறக்கட்டளை ஒன்று ஏற்பட்டது. சுரங்கக்காரர் செலுத்தும் உரிமைத் தொகையோடு கூடுதலாக 10 அல்லது 30 சதவிகிதம் அதில் சேர்கிறது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களின் குடிநீர், சுகாதாரம், கல்வி இவற்றுக்கு முதலிடம் கொடுத்து, மீதியில் சாலை முதலியவற்றுக்கும் செலவிடலாம். மேலே சொன்னபடி வாகன வரி பொது நிதியில் கரைந்துவிடுகிறது. இந்தப் பணம் மாவட்டத்திலேயே நிற்கிறது. எந்தெந்தச் சாலைக்கு எவ்வளவு என்று கேட்டுக் கிராம சபையில் தீர்மானம் போட்டு மாவட்டக் கலெக்டருக்கு அனுப்ப எந்த அங்கத்தினருக்கும் உரிமை உண்டு. கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடுகிறது. தீர்மானத்தில் சாலையின் பெயர், அதன் தொடக்கமும் முடிவும், கல் லாரி ஓடும் நேரம், கடைசியாகச் சாலை போட்ட ஆண்டு ஆகியவற்றைத் தெளிவாக எழுத வேண்டும். நகல் ஒன்றைச் சங்க அலுவலகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.